சவாரி ஏற்றுகிறவரைச் சவாரிக்கு அழைத்துப்போக ஆசை

அன்புள்ள மேடம்,

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டிதான், டியூ இன்னும் முடியவில்லை. ஐந்தாவது படிக்கும் ஒரு மகள். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

வருகிற மே மாதம் நடுவில் எங்கள் 12வது கல்யாண நாள். வருஷம் பூராவும் ஊருக்கெல்லாம் ஹனிமூன் காட்டுகிறவர் அவர். எங்களுக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கல்யாணமான அதே வாரம், சீசன் ஓட்டம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அன்றைய நிலைமை அப்படி. இந்தத் தடவை நானே அவரை எங்காவது கூட்டிப்போக வேண்டும், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் என்று ஆசை.

ஊட்டி போகிற வழியில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அவர் அடிக்கடி பார்ட்டியை இறக்கிவிடுகிற இடம். அவருக்கு வாசலோடு சரி. ராத்திரி அங்கேயே நிற்க வேண்டி வந்தால் வண்டிக்குள் சீட்டைச் சாய்த்து, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுப்பார். விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கும் என்பார். அந்த வாசலில் ஒரு நாளாவது அவர் கெஸ்ட்டாக இறங்க வேண்டும், மேடம்.

இரண்டு ராத்திரிக்கு 18,000 ரூபாய் சொல்கிறார்கள். சிறுவாட்டுக் காசாக 11,000 சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் 2,000 அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. மிச்சத்துக்கு மகளிர் குழுவில் லோன் போடலாமா என்று யோசிக்கிறேன்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரிசார்ட்டிலிருந்து போன் வந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். சட்டென்று கட் செய்துவிட்டேன். "யாரு?" என்றார். "ஆபீஸ்லங்க" என்று சமாளித்தேன். அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சு குறைந்திருக்கிறது. என் போன் அடித்தால் திரும்பிப் பார்க்கிறார். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டே, "உனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லிரு" என்றார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். "இந்த வயசுல ஹனிமூனா?" என்று சிரிக்கிறார். உண்மையை இப்போதே சொல்லிவிட்டால் சர்ப்ரைஸ் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த ஒரு மாதம் எப்படி ஓடும் என்று தெரியவில்லை. நான் செய்வது சரிதானா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், குன்னூர்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் இன்று ராத்திரி செய்ய வேண்டியது. அவர் வந்து சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "ஏங்க, அன்னைக்கு வந்தது ஆபீஸ் போன் இல்லை. நம்ம கல்யாண நாளுக்கு உங்களுக்காக ஒண்ணு பண்ணிக்கிட்டிருக்கேன். என்னன்னு கேக்காதீங்க. ரெண்டு நாள் மட்டும் வண்டிக்கு ஓட்டம் எடுக்காம வச்சிருங்க." இவ்வளவு போதும். ரிசார்ட் பெயர், தொகை எதுவும் வேண்டாம்.

சர்ப்ரைஸ் போய்விடாதா என்கிறீர்கள். போகாது. எந்த இடம் என்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. அவர் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வேறொரு கேள்விக்குத்தான் இப்போது பதில் தேவை. "சொல்லணும்னா சொல்லிரு" என்று ஒரு மனிதர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறார் என்றால், எதை எதையோ நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். சண்டை போடாமல், போனைப் பிடுங்காமல், வாயைத் திறக்க உங்களுக்கு ஒரு வழிவிட்டிருக்கிறார். இப்படிக் கேட்கிற ஆண்கள் குறைவு, என் அறைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு ஒரு மாதம் கழித்து ரிசார்ட் வாசலில் பதில் சொல்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். அதுவரை அவர் அந்த எண்ணத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

அவர் மௌனத்துக்கு உங்கள் போன்தான் காரணம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். டியூ, எஃப்.சி., இன்சூரன்ஸ், ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் என்று அவர் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். 2024 மே 7-ல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு ஓட்டம் முன்போல இல்லை என்று நம் ஊர் டிரைவர்கள் பலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை இருங்கள்.

தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விடுமுறைக்குப் போகிறவர்கள் போவதற்கு முந்தைய நாட்களில் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசமே காணோம். அப்படியென்றால் எதிர்பார்த்துக் காத்திருப்பதே பாதி விருந்து. இவ்வளவு நாள் அதை நீங்கள் ஒருவரே அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவருக்கும் கொஞ்சம் கொடுங்கள். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கக் கேட்க நீங்கள் சொல்ல மறுக்கிற விளையாட்டு, பன்னிரண்டு வருஷமான வீட்டில் சும்மா கிடைக்காது.

இனி நாள். மே நடுவில் வேண்டவே வேண்டாம். மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி எல்லாம் நடக்கிற மாதம். மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். ஒரு டூரிஸ்ட் டிரைவருக்கு அது அறுவடைக் காலம். அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை நிறுத்தவைத்தால், ரிசார்ட் பால்கனியில் காபி குடிக்கும்போதும் போன பார்ட்டிகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். நீங்கள் கொடுக்கிற இரண்டு நாள் அவர் கணக்கில் நஷ்டமாக விழும். கல்யாண நாளன்று வீட்டில் பாயசம் வையுங்கள், கோயிலுக்குப் போய் வாருங்கள். பயணத்தை ஜூனுக்குத் தள்ளுங்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் வடிந்துவிடும், அறை வாடகையும் இறங்கும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டுகிற அளவுக்கு நம் பக்கம் இருக்காது.

காசு விஷயத்தில் ஒரே பேச்சு: லோன் போடாதீர்கள். சிறுவாடு உங்களுடையது, அதற்கு நீங்கள் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. குழு லோன் அப்படி இல்லை. மாதாமாதம் தவணை அந்த வீட்டு வருமானத்திலிருந்துதான் போகும், அவருக்குத் தெரியாமல் போக முடியாது. அவருக்குக் கொடுத்த பரிசுக்கு அவரே தவணை கட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

இப்போது அந்த ரிசார்ட். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். அவரை அந்த வாசலில் கெஸ்ட்டாக இறக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. குளிரில் வண்டிக்குள் படுத்தவரை நினைத்து வீட்டில் தூங்காமல் கிடந்தவருக்கு வரக்கூடிய ஆசை அது. அதில் தப்பே இல்லை. ஆனால் அது உங்கள் ஆசை. அவருடைய ஆசையும் அதுதானா?

அங்கே கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியும். ரிசப்ஷனில் இருப்பவர் "என்ன டிரைவரண்ணே, பார்ட்டி எங்கே?" என்று கேட்கலாம். வழக்கமாக அவரோடு பின்பக்கம் நின்று டீ குடிக்கிற பையன் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். சிலர் இதில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். சிலர் அந்த இரண்டு நாளும் அறையைவிட்டு வெளியே வரமாட்டார்கள். உங்கள் கணவர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தைப் பற்றி வீட்டில் எப்படிப் பேசுகிறார்? "உள்ளே என்ன தோட்டம் தெரியுமா, ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்கிற குரலா, இல்லை பெயரைச் சொன்னாலே முகம் மாறுமா? முதலாவது என்றால் தாராளமாகப் போங்கள், ஒரு ராத்திரி மட்டும், கையிலிருக்கும் காசுக்குள். இரண்டாவது என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று நாளைக்கே கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் 2,000-த்தோடு போகட்டும்.

என் யோசனை வேறு. வண்டி ஓட்டுகிறவர்களோடு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு வளைவுக்கும் வலது கால் தானாகப் பலகையை மிதிக்கும். வாய் உங்களோடு பேசும், கண் ரோட்டில் இருக்கும். காரில் போனாலோ, "நானே ஓட்டிக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொள்வார், அப்புறம் அது இன்னொரு டிரிப்தான். அவருக்கு ஓய்வு என்றால் ஸ்டியரிங்கும் இருக்கக்கூடாது, ரோடும் கண்ணில் படக்கூடாது.

நம் மலையில் அதற்கென்றே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, மலை ரயில். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற துண்டில் எல்லோரும் போயிருப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சினில் ஏறி வந்திருக்கிறாரா என்று மாமியாரிடம் பேச்சுவாக்கில் விசாரியுங்கள். ரோட்டிலேயே வாழ்கிறவர்கள் பலர் அதில் ஏறியதே இல்லை. எத்தனையோ பார்ட்டியை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அவர்களுக்கு முன்னால் குன்னூர் வந்து காத்திருந்திருப்பார்கள், அவ்வளவுதான். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் பிரேக் பிடிக்க ஒரு ஆள் இருப்பார், முதல் பெட்டியில் நிற்பவர் கொடி காட்டிக்கொண்டே வருவார். உங்கள் கணவர் காலுக்கு அன்றைக்கு லீவு. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது நீங்களும் இறங்கி டீ குடிக்கலாம், வடையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் பாடு.

விடியற்காலை பஸ்ஸில் கீழே இறங்கிவிடுங்கள். ரயில் ஏழு மணிக்கு மேல் கிளம்பும். குன்னூரில் இறங்கிவிடாமல், ஊட்டிக்கு முன்னால் வருகிற கேத்தி வரைக்கும் டிக்கெட் எடுங்கள். கேரட் தோட்டத்தைப் பார்த்தபடி ஏதாவது ஒரு சின்ன ஹோம்ஸ்டேயில், அவர் இதுவரை பார்ட்டி இறக்காத வீடாகப் பார்த்து ஒரு ராத்திரி தங்குங்கள். உங்கள் சிறுவாடு இதற்குத் தாங்கும். டிக்கெட்டை முன்பதிவில் போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளாதீர்கள், அப்போதுதான் மண் சரிந்து ரயிலை நிறுத்துவார்கள்.

சொந்த ஊரைச் சுற்றுவதெல்லாம் ஒரு பயணமா என்று தோன்றும். இருவரும் புதிதாக ஒன்றைச் சேர்ந்து செய்கிறீர்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஆர்தர் ஆரோன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் தம்பதிகளைக் கையோடு கை, காலோடு கால் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு தலையணையைக் கைபடாமல் இடுக்கிக்கொண்டு பாயில் தவழவிட்டார்கள். வேறு சில தம்பதிகளுக்குச் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்தார்கள். தவழ்ந்து, விழுந்து, சிரித்தவர்கள்தான் அதற்கப்புறம் தங்கள் உறவு நன்றாக இருக்கிறது என்று கூடுதலாகச் சொன்னார்கள். மலைக்காட்சியும் மெழுகுவர்த்தியும் அங்கே இல்லை, ஒரு ஜிம் பாய் மட்டும்தான்.

கேத்திக்குப் போனதும் பன்னிரண்டு வருஷத்துப் பேச்சையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் அவர் படுத்துத் தூங்கிவிடலாம். சீசன் முடிந்த உடம்பு, விடுங்கள். "உனக்காக இவ்வளவு பண்ணினேன், நீ தூங்கறியே" என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது.

நாத்தனாருக்கு வருவோம். கேலி செய்கிறவர்தான், ஆனால் உங்கள் ரகசியத்தை இதுவரை அண்ணனிடம் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்த இரண்டு நாள் மகளைப் பார்த்துக்கொள்ள மாமியாருக்கு ஒத்தாசையாக வந்து தங்கச் சொல்லுங்கள். மகளிடம் இடத்தைச் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாவது படிக்கிற பிள்ளை, அப்பா ஒரு சாக்லேட் நீட்டினால் கேத்தி என்று சொல்லிவிடும்.