பெருஞ்சோறு என்பதன் பொருள் என்ன?
பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசப் பந்தல்களில் வழங்கும் உணவைப் பெருஞ்சோறு எனலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வழக்கில் அச்சொல் வெறும் அளவை மட்டும் குறித்ததன்று; அரசன் அளிக்கும் விருந்தையும் குறித்தது. தொல்காப்பியம் ‘பிண்டம் மேய பெருஞ்சோற்று நிலை’யை படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளுள் வைக்கிறது, போருக்குப் புறப்படும் மன்னன் திரளையாக்கிய சோற்றை வீரர்களுக்கு அளித்துச் சிறப்பிப்பதே அத்துறை.

சங்ககாலச் சேர மன்னன் உதியஞ்சேரலிடம்தான் பொருள் சிக்கலாகிறது. புறநானூற்றின் 2ஆம் பாடல், கௌரவர் நூற்றுவர் களத்தில் மாய்ந்த பாரதப் போரில் அவன் பெருஞ்சோறு வரையாது கொடுத்ததாகப் பாடுகிறது. இரு படைக்கும் உணவளித்தான் என்பது மரபான உரை. அகநானூற்றின் 233ஆம் பாடலில் புலவர் மாமூலனாரோ, துறக்கம் (விண்ணுலகம்) எய்திய முதியரைப் பேணி அவன் பெருஞ்சோறு கொடுத்தான் என்கிறார். அது முன்னோர்க்கான படையலாகும். பாரதப் போரை நேரில் கண்டவன் என்பதைவிட இவ்விளக்கமே எனக்கு ஏற்புடையது. பந்தல் உணவுக்கு அன்னதானம் என்ற சொல்லே பொருந்தும். அங்கே கொடுப்பவர் அரசரல்லர், உண்பவர் படையினருமல்லர்.