எட்டு லட்சம் குடுத்து ஃபாரின் டை-அப் வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் சுயநிதி ஆர்ட்ஸ் காலேஜ் நடத்துறோம், அழகப்பா யுனிவர்சிட்டி அஃபிலியேஷன். சென்னை கன்சல்டன்ட் ஒருத்தர் எட்டு லட்சம் குடுத்தா ஐரோப்பா யுனிவர்சிட்டியோட எம்ஓயூ போட்டுத் தர்றேன், எராஸ்மஸ் (ஐரோப்பிய யூனியனோட படிப்புப் பரிமாற்றத் திட்டம்) பணமும் வரும், நோட்டீஸ்ல 'இன்டர்நேஷனல் டிகிரி'ன்னு போட்டுக்கலாம்ங்கிறார். நம்பலாமா?

பதில்: குடுக்காதீங்க சார்.

எம்ஓயூங்கிறது வெத்தல பாக்கு மாத்திக்கிற மாதிரிதான், நகரத்தார் கல்யாணத்துல எழுதிக் கையெழுத்துப் போடுற இசைபிடிமானம் மாதிரி ஆகிடாது. ஒத்துழைப்போம்னு நாலு வரி, கையெழுத்து, போட்டோ, அவ்வளவுதான். எத்தனை பிள்ளைங்க போறாங்க, செலவு யாரோடது, அங்க படிச்ச கிரெடிட் இங்க ஏறுமா, இதெல்லாம் தனி அக்ரிமென்ட்ல வரணும், அதைப்பத்தி இவர் வாயே திறந்திருக்க மாட்டாரே?

டிகிரி கதை வேற. ட்வின்னிங் (பாதிப் படிப்பு அங்க, டிகிரி இங்க), ஜாயின்ட் (ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே டிகிரி), டூயல் (ஆளுக்கொரு டிகிரி) எல்லாத்துக்கும் யுஜிசி 2022லயே ரூல் போட்டாச்சு. காலேஜுக்குத் தர மதிப்பெண் போடுற நாக்ல 3.01, அதாவது ஏ கிரேடாவது இருந்து, அந்த ஃபாரின் யுனிவர்சிட்டி க்யூஎஸ் இல்லன்னா டைம்ஸ் உலக ரேங்க்ல முதல் ஆயிரத்துக்குள்ள இருந்தா யுஜிசிகிட்ட தனியா அனுமதி கேக்க வேணாம். ஆனா உங்க பிள்ளைங்களுக்கு டிகிரி குடுக்கிறது நீங்க இல்லையே, அழகப்பா யுனிவர்சிட்டிதானே, அவங்களை விட்டுட்டு நீங்க என்னத்த இன்டர்நேஷனல் டிகிரி குடுக்கிறது? ஃபாரின் யுனிவர்சிட்டி பேரை வாங்கி இங்க கடை போடுற ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்கு தடையே இருக்கு. முறையாப் போனாலும் யுனிவர்சிட்டில போர்டு, கவுன்சில், சிண்டிகேட்னு ஒவ்வொரு குழுவா ஃபைல் நம்ம நாட்டுல எங்கயும் நகர்ற வேகம் தெரியும்ல, அதுக்குள்ள அங்க மெயில் போட்ட ப்ரொஃபசர் வேற ஊருக்கே போயிருப்பார்.

ஒண்ணு மட்டும் விலக்கு, இதை நல்லாப் புரிஞ்சுக்கங்க. டிகிரி பேச்சே இல்லாம ஒரு செமஸ்டர் பிள்ளைங்க போய்ட்டு வர்றது, வாத்தியார்கள் போய்ட்டு வர்றது, சேர்ந்து ஆராய்ச்சி பண்றது, இதுக்கெல்லாம் அந்த ரூல் வராது. எராஸ்மஸ் பிளஸ் மொபிலிட்டி இந்த வகைதான். அதுக்கு அப்ளை பண்றது ஐரோப்பா யுனிவர்சிட்டி, பணமும் அவங்க வழியாத்தான் வரும், போற பிள்ளைங்ககிட்ட அங்க ட்யூஷன் ஃபீஸும் வாங்கக்கூடாது. அப்ப சென்னைல உக்காந்துக்கிட்டு 'வாங்கித் தர்றேன்'னு ஒருத்தர் சொன்னா என்ன அர்த்தம்? அந்த யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸோட சொந்த டொமைன் மெயில்ல இருந்து உங்களுக்கு நேரா ஒரு வரி வரச் சொல்லுங்க, ஜிமெயில்ல வந்தா பதிலே போடாதீங்க. பிள்ளை கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க படிக்கிற எந்தப் பேப்பர் இங்க எந்தப் பேப்பருக்கு ஈடுன்னு எழுதி அழகப்பா யுனிவர்சிட்டிகிட்ட ஒப்புதல் வாங்கிடணும், இல்லன்னா திரும்பி வந்து அரியர் எழுதும்.

அந்த எட்டு லட்சத்துல ரெண்டு வாத்தியாரை கான்ஃபரன்ஸுக்கு அனுப்பலாம். அதுக்கும் முன்னாடி காரைக்குடி சிக்ரில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பிஎச்டி முடிச்சவங்க யாராவது உங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல இருக்காங்களா பாருங்க, அவங்க கூடப் படிச்சவங்க வெளிநாட்டு லேப்ல போஸ்ட்-டாக் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. சேர்ந்து ஒரு பேப்பர் போட ஆரம்பிக்கட்டும், அக்ரிமென்ட்டை அப்புறம் அந்த லேப்காரங்களே கேப்பாங்க.