சோற்றை விட்டும் சர்க்கரை குறையவில்லையே?
நீரிழிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. ஓராண்டாக இரவில் சோற்றைத் தொடுவதே இல்லை. கேழ்வரகுக் கூழ் அல்லது கோதுமைத் தோசைதான். ஆனாலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 240-க்குக் கீழே இறங்குவதில்லை. எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சோற்றை விட்டீர்கள்; மாவுச்சத்தை விடவில்லை. 100 கிராம் பச்சரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்றால், கேழ்வரகு, தினை, சாமை, கோதுமை மாவு ஆகியவற்றில் அது 60 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். சிறுதானியம் என்ற பெயரை நம்பி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசமும் காணாமல் போய்விடுகிறது.

கேழ்வரகைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அதில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிய அளவில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் அதன் அருகில் வராது. ஆனால் நைஸாக அரைத்த மாவைக் கொதிக்க வைத்துக் கூழாக்கும்போது, அது மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இறங்கி, விரைவாகச் செரித்து, சர்க்கரையையும் விரைவாக ஏற்றுகிறது. அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையச் சேர்த்து இரண்டு அடை தட்டி, தொட்டுக்கொள்ளக் கெட்டியான பருப்போ சுண்டலோ வைத்துக்கொண்டால் கதை வேறு. நார்ச்சத்தும் புரதமும் கூடச் செல்லும்போது உணவு வயிற்றிலிருந்து மெதுவாகவே வெளியேறும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்றவை, மீதிக் கால் பங்கில் மட்டும் தானியம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கால் பங்கில் அளவான சோறு இருப்பதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் காய்க் கணக்கில் எழுதாதீர்கள். நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் கணக்குப் பிழை இது. பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதும் பலன் தரும். இரண்டு மணி நேரம் என்பதைக் கை கழுவியதிலிருந்து அல்ல, முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். பெரும்பாலானோருக்கு அப்போது 180-க்குள் இருப்பது இலக்கு. உணவை மாற்றியும் சில வாரங்களில் குறையவில்லையென்றால், மாத்திரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எல்லாப் பழியையும் உங்கள் சமையலின் மீது போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: காபிக்குச் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊர்ப்பக்கத்துக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லைதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் அப்படியே. அவற்றில் உள்ள தாதுக்கள் ஒரு கரண்டிக் கணக்கில் பொருட்படுத்தத்தக்கவை அல்ல.

கேள்வி: காலையும் மாலையும் கிளிமிபிரைட் கலந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை விரதத்தன்று பதினொரு மணிவாக்கில் வியர்த்து, கை நடுங்குகிறது. விரதத்தைத் தொடரலாமா?
– வாசகர், சேலம்

பதில்: மருத்துவரிடம் கேட்காமல் தொடராதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைட் அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். விரத நாளில் எந்த மாத்திரையை எந்த அளவில் எடுப்பது, எதை நிறுத்துவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை, நடுக்கம் வந்தால் விரதம் முறிகிறதே என்று தயங்காமல் உடனே சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். கருவி கையில் இல்லாவிட்டால் சோதனைக்காகக் காத்திருக்காமல் குடித்துவிடுவதே சரி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். உங்கள் மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது மாவுச்சத்தும் சீனியும் குடலில் செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து; இருந்தால் வீட்டுச் சீனி அந்த நேரத்தில் விரைவாகக் கைகொடுக்காது. குளுக்கோஸ் பொடியையே சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.