மூன்றடுக்கு சாக்லேட் சீஸ்கேக்: வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மார்ச் மாதத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் கேக் பற்றிய கடிதங்கள் வந்து குவிகின்றன. இந்த முறை எல்லாருக்கும் ஒரே கேக்தான் மனதில் இருக்கிறது போல. அடியில் பிஸ்கட், மேலே கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று மூன்று சாக்லேட் அடுக்கு. செய்முறை கேட்டவர்களைவிடச் சாமான் வாங்கப் போய் முழித்தவர்களே அதிகம் என்பதால் அந்தப் பக்கத்தையே பார்ப்போம்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு மூன்றடுக்கு சாக்லேட் சீஸ்கேக் கேட்கிறாள். வீட்டில் எட்டுப் பேர். கடையில் கிலோ 1,800 ரூபாய் சொல்கிறார்கள். நானே செய்யலாம் என்று விசாரித்தேன். கிரீம் சீஸ் 200 கிராம் டப்பா 320 ரூபாய். வெளிநாட்டுச் சரக்கு 227 கிராம் 650 ரூபாய். நல்ல சாக்லேட் அரை கிலோ 550. டின் 600, கையில் பிடித்து அடிக்கும் பீட்டர் 1,500. கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வீட்டில் செய்வது உண்மையிலேயே லாபமா? (திருச்சி வாசகி)

பதில்: முதல் கேக்கில் லாபம் இல்லை. உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கிறேன்.

அடுப்பில் வைக்காமல் ஃபிரிட்ஜில் உறைய வைக்கும் வகை என்றால், 7 அங்குல டின்னுக்கு கிரீம் சீஸ் 400 கிராம், விப்பிங் கிரீம் 250 மில்லி, சாக்லேட் 330 கிராம் (டார்க் 100, மில்க் 100, ஒயிட் 130), பிஸ்கட் 150 கிராம், வெண்ணெய் 70 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம் போதும். உள்ளூர் கிரீம் சீஸ் இரண்டு டப்பா 640 ரூபாய். சாக்லேட் 363. கிரீமுக்கு 150, பிஸ்கட்டுக்கும் வெண்ணெய்க்கும் சேர்த்து 100 என்று வையுங்கள். ஏறக்குறைய 1,260 ரூபாயில் ஒன்றேகால் கிலோ கேக். அதே எடைக்குக் கடையில் 2,250 ஆகும். மிச்சம் 990 ரூபாய். டின்னும் பீட்டரும் 2,100 ரூபாய் என்பதால் மூன்றாவது கேக்கில்தான் போட்ட காசு திரும்பும். வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்தான் என்றால் பீட்டரைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குங்கள். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் சரியான யோசனை.

இனி கிரீம் சீஸ். உள்ளூர் டப்பா கிராமுக்கு 1.60 ரூபாய், வெளிநாட்டு டப்பா 2.86 ரூபாய். 227 கிராம் என்ற அந்த விசித்திர எடை வேறொன்றுமில்லை, அமெரிக்கக் கணக்கில் 8 அவுன்ஸ். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு டப்பாவும் ஒரே அளவாகத்தான் தெரியும். இதற்காகத்தான் ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராமின் விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்பதை ‘யூ.எஸ்.பி.’ என்று சுருக்கிப் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பென் டிரைவ் சமாச்சாரம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். பேரம் பேச முடியாத கடையில் நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். மூன்று அடுக்கிலும் சாக்லேட் கலக்கப் போகிறீர்கள், அதனால் வெளிநாட்டுச் சரக்குக்காக 400 கிராமுக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் கவனம். ‘கிரீம் சீஸ்’ வேறு, ‘சீஸ் ஸ்பிரெட்’ வேறு. இரண்டும் ஒரே தட்டில், ஒரே மாதிரி வட்ட டப்பாவில் இருக்கும். ஸ்பிரெட் என்பது பதப்படுத்திய சீஸை உப்பும் எமல்சிஃபையரும் (கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள்) சேர்த்து ரொட்டியில் தடவுவதற்காகச் செய்வது. அவசரத்தில் ஒரு முறை அதை வாங்கி வந்து கேக் செய்து பரிமாறினேன். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, “ரசத்துக்குப் போடற உப்பை இதுல போட்டுட்டியாம்மா?” என்றார். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், பிஸ்கட், கேக்குக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், சீஸ், வெண்ணெய்க்கு 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் குறைந்தது. உங்கள் பழைய நோட்டில் எழுதி வைத்த விலைகளை நம்பாமல் புதிதாக விசாரியுங்கள். பில்லில் வரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பேக்கரி சாமான் விற்கும் கடையில் ‘டார்க் கம்பவுண்ட்’ பாளம் காட்டினார்கள். நல்ல சாக்லேட்டின் விலையில் பாதிதான். “எல்லா பேக்கரிலயும் இதான் போடறாங்க” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது உங்கள் கேக்குக்குப் பொருந்தாது.

சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ வெண்ணெய். அது 34 டிகிரி வாக்கில் உருகும், அதாவது உடம்புச் சூட்டுக்கும் கொஞ்சம் கீழே. வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். நம் ஊர் மே மாதத்தில் மேஜை மேலேயே கரைவதும் அதனால்தான். கம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை மலிவு, வெயிலில் தாக்குப்பிடிக்கும், உருக்கி ஊற்றினால் சும்மாவே பளபளவென்று இறுகும். வேர்த்து வழியும் பேக்கரி சமையலறையில் மேல்பூச்சுக்கும் பூ வேலைக்கும் அது வசதி.

சீஸ்கேக்கோ பிறந்தது முதல் வயிற்றுக்குள் போகும்வரை ஃபிரிட்ஜில் இருப்பது. வெயில் தாங்கும் குணத்தை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? போதாக்குறைக்கு, குளிரில் அந்தக் கொழுப்பு இன்னும் இறுகி, சாப்பிடும்போது மேலண்ணத்தில் மெழுகு பூசினது போல ஒட்டிக்கொள்ளும். இந்த கேக்கில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும் என்பது விதி. கோகோ மாஸ் (அரைத்த கோகோ விழுது), கோகோ வெண்ணெய் என்று வந்தால் சாக்லேட். சர்க்கரைக்கு அடுத்து ‘சமையலுக்கான தாவரக் கொழுப்பு’ என்று வந்தால் கம்பவுண்ட். ‘சாக்லேட்’ என்ற பெயரில் விற்பதில் கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. அதனால்தான் உற்பத்தியாளர் முன்பக்கத்திலேயே ‘கம்பவுண்ட்’ என்று ஒழுங்காக எழுதிவிடுகிறார். நாம்தான் அதை ஏதோ உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்கி வருகிறோம். ஒயிட் சாக்லேட்டில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். அதில் கோகோவின் கறுப்புப் பகுதியே கிடையாது, கோகோ வெண்ணெய் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிப்புப் போட்ட வனஸ்பதி. குட்டிக் குட்டியாக வரும் சாக்கோ சிப்ஸும் பெரும்பாலும் சூட்டில் உருவம் கலையாதபடி செய்தவை. குக்கிக்கு நல்லது, உருக்கிக் கலக்க ஆகாது.

சில கடைகளில் பெரிய பாளத்தை உடைத்து, வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடை போட்டுத் தருவார்கள். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எதுவும் இருக்காது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய் எந்தப் பொருள் என்று சொல்வீர்கள்?

கேள்வி: நாங்கள் சைவம். செய்முறையில் ஜெலட்டின் போடச் சொல்லியிருக்கிறது. சைவ ஜெலட்டின் வாங்கலாமா, சைனா கிராஸ் போதுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: இரண்டுமே வேண்டாம்.

ஜெலட்டின் என்பது மாட்டின், பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ‘சைவ ஜெலட்டின்’ என்ற பெயரில் கிடைப்பது வேறு ஏதோ ஒரு தாவரப் பசை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்றைக் கலப்பதால் செய்முறையில் உள்ள அளவு அதற்குச் சரிவராது. சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் கரையும், 40 டிகிரிக்குக் கீழே இறங்கினதுமே கட்டியாகிவிடும். குளிர்ந்த கிரீம் சீஸில் ஊற்றிக் கலப்பதற்குள் நூல் நூலாகத் திரிந்துபோகும்.

நிஜ சாக்லேட் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தால் அந்தக் கோகோ வெண்ணெய்யே கேக்கைக் கட்டிக்கொள்ளும். வெள்ளை அடுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வாக நிற்கும் என்பதால்தான் மேலே அதற்கு 130 கிராம் சொன்னேன்.

அப்படியே சைவ அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது பழுப்பு முக்கோணம். நிறம் சரியாகத் தெரியாதவர்களும் வடிவத்தைப் பார்த்துப் பிரித்தறியட்டும் என்றுதான் மாற்றினார்கள். கேக் மேல் வைக்கும் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டில் இதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: செயலியில் விப்பிங் கிரீம் ஆர்டர் செய்தேன். வந்தபோது பாக்கெட் வெதுவெதுப்பாக இருந்தது. அடித்தால் நுரைக்கவே இல்லை. காலாவதிக்கு இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. கேட்டால் “தேதி தாண்டலையே” என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா? (கோவை வாசகி)

பதில்: விடாதீர்கள். ஆனால் வாங்கியது எது என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் இந்தப் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது.

ஒன்று பால் கிரீம். 30 சதவீதமோ அதற்கு மேலோ பால் கொழுப்பு இருக்கும். இதை ஃபிரீசரில் போட்டால் கொழுப்பு பிரிந்து பாழாகும். இன்னொன்று பாலே இல்லாத, தாவரக் கொழுப்பில் செய்த விப் டாப்பிங். சர்க்கரை கலந்தே வரும். பேக்கரிகளுக்குக் கட்டியாக உறைந்த நிலையில், மைனஸ் 18 டிகிரியில் வரும். வழியில் உருகி, கடையில் மறுபடி உறைந்திருந்தால் ஒழுங்காக நுரைக்காது. ஒன்றுக்கு ஃபிரீசர் ஆகாது, மற்றதற்கு ஃபிரீசர் இல்லாமல் முடியாது. பாக்கெட்டில் எந்த வெப்பநிலை போட்டிருக்கிறது என்று பார்த்து, அதை அப்படியே புகாரில் எழுதுங்கள். (25 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண ஃப்ரெஷ் கிரீமாக இருந்தால் தப்பு அவர்கள் மேல் இல்லை. அதை எவ்வளவு அடித்தாலும் நிற்காது.)

தேதி விஷயத்தில் அவர்கள் சொல்வது எடுபடாது. இணையத்தில் உணவு விற்பவர்கள், கைக்கு வந்து சேரும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மீதி இருக்கும்படி தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் அறிவுறுத்தியிருக்கிறது. பாக்கெட்டின் படம், தேதியின் படம், பில் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு செயலியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசுவதற்கு சாட்சி கிடையாது. 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். ஒரு கிரீம் பாக்கெட்டுக்காக நுகர்வோர் ஆணையம்வரை போக வேண்டியிருக்காது. அப்படியே போனாலும் 5 லட்ச ரூபாய்வரை கட்டணம் கிடையாது. இதை அவர்களிடம் நீங்கள் சொன்னாலே பணம் திரும்பி வருவதற்கு வாய்ப்பு உண்டு.

அடுத்த பாக்கெட்டை அடிக்கும்போது பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்துவிட்டு எடுங்கள். நம் வெயிலுக்கு அது அவசியம்.

கேள்வி: எங்கள் ஊரில் கிரீம் சீஸே கிடைக்காது. பாலில் செய்ய முடியுமா? (தென்காசி வாசகர்)

பதில்: முடியும், ஓரளவுக்கு. 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு ஆவின் பால் ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைத்து எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் வடிகட்டுங்கள். பனீருக்குப் பிழிவதுபோல அழுத்த வேண்டாம். சூடு ஆறுவதற்குள் மிக்சியில் போட்டு, தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் நூறு கிராமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, நறநறப்பு போகும்வரை அரையுங்கள். 400 கிராம் பக்கம் கிடைக்கும்.

கிரீம் சீஸ் சுவை இதுதான் என்று சொல்லமாட்டேன். டார்க் அடுக்கில் யாருக்கும் தெரியாது, வெள்ளை அடுக்கில் பால்கோவா வாடை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். திருநெல்வேலிப் பக்கம் யாராவது போனால் ஒரே ஒரு டப்பா வாங்கி வரச் சொல்லி அதை வெள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடித்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையலாம்.

கேள்வி: பக்கவாட்டில் கொக்கி வைத்த ஸ்பிரிங்ஃபார்ம் டின் கட்டாயமா? (சென்னை வாசகி)

பதில்: இல்லை. கண்ணாடி டம்ளர்களில் அடுக்கடுக்காக ஊற்றிக் கொடுங்கள். வெட்டும் வேலையும் இல்லை, எனக்குச் சின்னத் துண்டு என்ற சண்டையும் இல்லை. டின்தான் வேண்டும் என்றால் கடையிலேயே கொக்கியை நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள். முதலில் தளர்ந்துபோவது அதுதான். 8 அங்குலம் வாங்கிவிட்டால் மேலே சொன்ன அளவு அதில் தட்டையாகப் பரவி, மூன்று அடுக்கும் தோசை கனத்தில் நிற்கும்.