குப்பை புரோட்டீனை மருந்து போட்டு அள்ளிட முடியுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மறதி நோய்க்கு வந்திருக்குற புது ஊசிகளைப் பத்தி ரெண்டே வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகள்லயே இந்த வாரப் பக்கம் ரொம்பிடுச்சு. வேற கேள்விகள் அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

எங்க மாமனாருக்கு 76 வயசு. அல்சைமர்னு கண்டுபிடிச்சு மூணு வருஷம் ஆச்சு, இப்பல்லாம் என்னையே "நீ யாரும்மா"ன்னு கேக்குறார். அமெரிக்காவுல இருக்குற கொழுந்தனார், "மூளையில சேந்த அழுக்கை க்ளீன் பண்ற ஊசி வந்திருக்கு அண்ணி, செலவை நான் பாத்துக்குறேன்"னு சொல்றார். போடலாமா?
*— திருச்சி வாசகி*

உங்க கொழுந்தனார் சொல்றதுல பாதி சரி. லெகனெமாப், டொனனெமாப்னு ரெண்டு ஆன்டிபாடி மருந்துக்கு (ஒரு குறிப்பிட்ட புரோட்டீனைத் தேடிப் பிடிச்சு ஒட்டிக்குற மருந்து) அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முழு அனுமதி குடுத்துருச்சு, முதலாவதுக்கு 2023 ஜூலையில, ரெண்டாவதுக்கு 2024 ஜூலையில. ரெண்டுமே மூளையில படிஞ்சு கிடக்குற அமிலாய்டு பீட்டாங்கற புரோட்டீனை நெஜமாவே கரைக்குது, பெட் ஸ்கேன்ல முன்னாடி பளிச்சுனு தெரிஞ்ச இடம் ஒன்றரை வருஷத்துல நிறைய பேருக்கு சுத்தமாயிடுது.

மீதிப் பாதியிலதான் சிக்கல். அழுக்கு போறதும் ஞாபகம் திரும்புறதும் ஒண்ணு இல்லம்மா. செத்துப்போன நரம்பு செல்லை எந்த ஊசியும் எழுப்பாது. லெகனெமாப் சோதனையில சேத்தவங்க எல்லாருமே ஆரம்ப கட்டத்துல இருந்தவங்க, லேசான மறதி, வேலையைத் தானே பாத்துக்குற அளவு, அதுலயும் ஸ்கேன்லயோ முதுகுத்தண்டு தண்ணியிலயோ அமிலாய்டு இருக்குன்னு உறுதியானவங்களை மட்டும்தான் எடுத்தாங்க. மருமகளையே அடையாளம் தெரியாத நிலைக்கு வந்துட்டவருக்கு இது உதவும்னு சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கு. அதனால வேண்டாம்ங்கறதுதான் என் பதில், கொழுந்தனார்கிட்டயும் இதையே சொல்லுங்க. அந்தக் காசுல பகல்ல கூட இருந்து பாத்துக்க ஒரு ஆளைப் போடுங்க, உங்களுக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். டோனெபெசில், மெமன்டின் மாதிரி பழைய மாத்திரைங்க புரோட்டீனைத் தொடாது, ஆனா சிலருக்கு அன்றாட நடமாட்டத்துல கொஞ்சம் உதவும், விலையும் கம்மி. நரம்பியல் டாக்டர் ஏற்கனவே எழுதிக் குடுத்திருந்தா அதைத் தானா நிறுத்திடாதீங்க.

லெகனெமாப் 27 சதவீதம் வேலை செய்யுதுன்னு டிவியில சொன்னாங்க. அப்ப நூறு பேருக்குப் போட்டா 27 பேருக்கு குணமாகும்னு எடுத்துக்கலாமா சார்?
*— சேலம் வாசகர்*

எடுத்துக்கக் கூடாது, இந்த ஒரு நம்பர் பண்ண குழப்பம் கொஞ்ச நஞ்சம் இல்ல. நடந்தது இதுதான். 1,795 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு மருந்து, இன்னொரு பாதிக்கு வெறும் டிரிப், 18 மாசம் பாத்தாங்க. நோயாளியோட நிலையை அளக்க ஒரு ஸ்கேல் இருக்கு: ஞாபகம், நாள் கிழமை இடம் தெரியறது, முடிவெடுக்குறது, வெளியில கடை கண்ணிக்குப் போய் வர்றது, வீட்டு வேலை, தன்னைத் தானே சுத்தமா வச்சுக்குறது, இந்த ஆறுக்கும் தலா 3 மார்க், மொத்தம் 18, மார்க் ஏற ஏற நோய் முத்துதுன்னு அர்த்தம். ஒன்றரை வருஷம் கழிச்சு வெறும் டிரிப் போட்டவங்களுக்கு 1.66 ஏறியிருந்துச்சு, மருந்து போட்டவங்களுக்கு 1.21. வித்தியாசம் 0.45. அந்த 0.45, 1.66-ல எத்தனை சதவீதம்னு கணக்குப் போட்டாங்க பாருங்க, அதான் உங்க 27.

அதாவது ரெண்டு குரூப்புமே மோசமாத்தான் ஆனாங்க, ஒரு குரூப் கொஞ்சம் மெதுவா மோசமாச்சு, அவ்ளோதான். இது புள்ளிவிவரப்படி உறுதியான வித்தியாசம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கூடவே இருக்குற குடும்பத்துக்கு இது கண்ணுல தெரியுமாங்கறதுல டாக்டர்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. பிரிட்டன்ல 2024 ஆகஸ்ட்ல ஒரு கூத்து நடந்துச்சு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லெகனெமாபுக்கு அனுமதி குடுத்த அதே நாள்ல, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்தை வாங்கலாம்னு முடிவு பண்ற அமைப்பு, இவ்ளோ சின்ன பலனுக்கு இவ்ளோ செலவு கட்டாதுன்னு தன் வரைவுல எழுதிடுச்சு. அமெரிக்காவுல ஆரம்ப விலையே வருஷத்துக்கு 26,500 டாலர், ஸ்கேன் செலவு அதுக்கு மேல தனி.

என்னைக் கேட்டா? ஆரம்ப கட்டத்துல இருக்குற, நல்லா விவரம் புரிஞ்சுக்குற ஒருத்தர், ஆபத்தெல்லாம் தெரிஞ்சே எனக்கு வேணும்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா "அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு தலைப்பு போடுறவங்க மேல எனக்குக் கோவம்தான்.

இந்த ஊசியால மூளையிலயே ரத்தம் கசியும்னு படிச்சேன், நெஜமா?
*— புதுச்சேரி வாசகி*

நெஜம்தான். அமிலாய்டு மூளைத் திசுவுல மட்டும் இல்ல, ரத்தக்குழாய் சுவர்லயும் படிஞ்சிருக்கும், அதை ஆன்டிபாடி பிச்சு எடுக்கும்போது குழாய் பலவீனமாகி நீர் கோத்துக்கும், சில இடத்துல பொட்டு பொட்டா ரத்தம் கசியும். லெகனெமாப் போட்டவங்கள்ல 12.6 சதவீதம் பேருக்கு வீக்கம், 17.3 சதவீதம் பேருக்கு கசிவு ஸ்கேன்ல தெரிஞ்சுது. நிறைய பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாம தானா சரியாயிடுச்சு. டொனனெமாப்ல வீக்கம் இன்னும் அதிகம், கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு. அந்த சோதனையில மருந்தோட தொடர்புள்ளதா மூணு மரணமும் பதிவாகியிருக்கு.

அதனாலதான் லெகனெமாப்னா ஆரம்பத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில உக்காந்து ஒரு மணி நேரம் டிரிப் ஏத்திக்கிட்டா மட்டும் போதாது, முதல் சில மாசம் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்கணும். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஏபிஓஇ4 ஜீன் (அல்சைமர் வர்ற வாய்ப்பைக் கூட்டுற ஜீன்) வந்தவங்களுக்கு ஆபத்து ரொம்பவே ஜாஸ்தி, அதை முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். ஹார்ட்டுக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க ரெண்டு தடவை யோசிக்கணும்.

புரோட்டீன்தான் பிரச்சனைன்னா முட்டை, பருப்பை நிறுத்திடலாமா?
*— கும்பகோணம் வாசகர்*

ஐயோ, வேண்டாம் சார், நல்லா சாப்பிடுங்க! சாப்பாட்டுல வர்ற புரோட்டீன் வயித்துலயே துண்டு துண்டாயிடும். இது நம்ம செல்லே செய்யற புரோட்டீன், சரியா மடங்காம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகுறதுதான் சிக்கல். அல்சைமர்ல அமிலாய்டும் டாவ்ங்கற இன்னொரு புரோட்டீனும், பார்க்கின்சன்ல ஆல்ஃபா சினுக்ளின், பரம்பரையா வர்ற ஹன்டிங்டன் நோய்ல ஹன்டிங்டின்னு ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு ஆள்.

அமிலாய்டுதான் காரணம்னு தெரிஞ்சும் இவ்ளோ வருஷம் ஏன் சார் ஆச்சு? உருவாகாமயே தடுத்துடலாமே?
*— மதுரைக் கல்லூரி மாணவி*

அதையும் செஞ்சு பாத்தாங்க, நல்லா அடி வாங்கினாங்க. அமிலாய்டை வெட்டி எடுக்குற பேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அதை மாத்திரையால நிறுத்தினா அமிலாய்டு குறைஞ்சுது, ஆனா சில சோதனைகள்ல மருந்து சாப்பிட்டவங்களோட அறிவுத்திறன் சாப்பிடாதவங்களை விட மோசமாச்சு, ஏன்னா அந்த என்சைமுக்கு மூளையில வேற வேலையும் இருக்கு. அதுக்கும் முன்னாடி தடுப்பூசி மாதிரி ஒண்ணு போட்டுப் பாத்தாங்க, சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில அழற்சி வந்து 2002-ல நிறுத்திட்டாங்க. 2021-ல அடுகனுமாப்ங்கற இதே மாதிரி ஆன்டிபாடிக்கு, நிபுணர் குழு வேண்டாம்னு சொல்லியும், எஃப்.டி.ஏ. துரித அனுமதி குடுத்துச்சு, அது பெரிய சர்ச்சையாகி, வாங்க ஆள் இல்லாம, 2024-ல கம்பெனியே கைவிட்டுடுச்சு.

நண்பருக்கு ஏ.எல்.எஸ்., கை கால் பலம் குறைஞ்சுக்கிட்டே வருது. ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, எதுக்கு அந்த செலவு?
*— கோவை வாசகர்*

எடுக்கச் சொல்லுங்க. தசையை இயக்குற நரம்பு செல்லுங்க செத்துக்கிட்டே போற இந்த ஏ.எல்.எஸ். வந்தவங்கள்ல சுமார் 2 சதவீதம் பேருக்கு எஸ்ஓடி1-ங்கற ஜீன்ல பிழை இருக்கும், அந்தச் சிலருக்கு மட்டும் டோஃபெர்சன்னு ஒரு மருந்து உண்டு, 2023 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. இது கட்டியைக் கரைக்குறது இல்ல, கெட்ட புரோட்டீனைச் செய்யச் சொல்ற ஆர்.என்.ஏ. உத்தரவையே அழிக்குது. முதுகுத்தண்டுல ஊசி, முதல் மூணு டோஸ் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் நாலு வாரத்துக்கு ஒண்ணு. ஆறு மாச சோதனையில நோயோட வேகம் குறைஞ்சதா நிரூபிக்க முடியல, அதையும் சொல்லியாகணும். ஆனா நரம்பு சேதத்தைக் காட்டுற ஒரு புரோட்டீனோட அளவு ரத்தத்துல நல்லா குறைஞ்சுது, அதை வச்சுத்தான் அனுமதி குடுத்தாங்க, தொடர்ந்து பாத்தப்போ சீக்கிரமா ஆரம்பிச்சவங்க நிலைமை தேவலைன்னும் தெரிஞ்சுது. கெட்ட புரோட்டீன் விஷயத்துல எனக்கு நம்பிக்கை குடுக்குறது இந்த வழிதான், காரணம் எந்த ஜீன்னு தெரிஞ்சு அங்கயே கை வைக்குறது.

ஹன்டிங்டனுக்கும் இதே வழியில வந்த டொமினெர்சன் 2021-ல தோத்துப்போச்சுங்கறதையும் மறைக்கக் கூடாது. பார்க்கின்சன் பத்தி நாலு பேர் கேட்டிருந்தீங்க: ஆல்ஃபா சினுக்ளினைக் குறிவச்சு பெரிய சோதனை பண்ண ரெண்டு ஆன்டிபாடியும் முக்கிய இலக்கைத் தொடல. இப்பவும் லெவோடோபாதான் முக்கிய மருந்து.

மஞ்சள் அமிலாய்டைக் கரைக்கும்னு ஃபார்வர்டு வருது. தினமும் குர்குமின் கேப்சூல் எடுத்துக்கலாமா?
*— தூத்துக்குடி வாசகி*

மஞ்சள்ல இருக்குற குர்குமின் டெஸ்ட் டியூப்ல அமிலாய்டோட ஒட்டுறது உண்மை. ஆனா வாய் வழியா சாப்பிட்டா ரத்தத்துல சேர்றதே ரொம்பக் கம்மி, அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் குடுத்துப் பாத்த ஒரு சோதனையில பலன் ஒண்ணும் தெரியல. ஹரியானாவுல பல்லப்கர் கிராமங்கள்ல அல்சைமர் கம்மின்னு 2001-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதை எடுத்துக்கிட்டு மஞ்சள்தான் காரணம்னு ஆளாளுக்குக் கதை கட்டிட்டாங்க, அங்க ஏபிஓஇ4 ஜீன் கம்மிங்கறதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. அதிக டோஸ் கேப்சூலால லிவர் கெட்டுப்போனதா பல நாட்டுல பதிவாகியிருக்கு. நான் சொல்றது கேப்சூலை, ரசத்துல போடுற மஞ்சளை இல்ல.