சுண்ணாம்பு மூட்டையைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். துறையூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட்டில் மண் குளம் வெட்டி, போர் தண்ணீர் விட்டு, 4 அடி நிறுத்தியிருக்கிறேன். கட்லா, ரோகு சேர்த்து 300, கிஃப்ட் ரகத் திலேப்பியா 500 விட்டு ஏழு மாதம் ஆகிறது. தினமும் இரண்டரை கிலோ மிதவைத் தீவனம் போடுகிறேன். ஒரு மாதமாகத் தண்ணீர் கரும்பச்சையாக இருக்கிறது. மீன் மருந்துக் கடைக்காரர் மதியம் 3 மணிக்கு வந்து பார்த்துவிட்டு, பி.எச். 9.2, அமோனியாவும் இருக்கிறது என்றார். அமோனியாவைப் பிடித்து வைக்கும் என்று அவர் கொடுத்த ஜியோலைட் கல் பொடி 5 கிலோ போட்டேன். நுண்ணுயிர்ப் பொடி ஒரு பாக்கெட்டை 3 கிலோ வெல்லத்தோடு கரைத்து சாயங்காலம் ஊற்றினேன். அன்றைக்கு வானமும் மூட்டம். மறுநாள் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. 11 செத்துவிட்டன, எல்லாமே பெரிய கட்லா. இன்னொருவர் சொன்னார் என்று நீர்த்த சுண்ணாம்பு 10 கிலோ போட்டேன். இதுவரை 4,800 ரூபாய் செலவு. இன்னும் எத்தனை கிலோ சுண்ணாம்பு போட வேண்டும்?

பதில்: ஒரு கிலோகூட வேண்டாம். கையில் மூட்டை இருந்தால் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

பி.எச்., அதாவது தண்ணீர் புளிப்புப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண், கூடிவிட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். அதை இன்னும் கூட்டுகிற பொருளை இன்னொருவர் போடச் சொல்கிறார். நீங்களும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மீன் குளம் என்றாலே சுண்ணாம்பு என்று நம் ஊரில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மழைத் தண்ணீரை மட்டும் நம்பி, கன்னியாகுமரிப் பக்கத்துச் செம்பொறை மண்ணில் குளம் வைத்திருப்பவருக்கு அது சரி. அவர் தண்ணீரில் பைகார்பனேட் கையிருப்பு, அதாவது காரத்தன்மை, குறைவு. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அவர் சுண்ணாம்பு போட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கூட நீர்த்த சுண்ணாம்பு போடக் கூடாது, சுண்ணாம்புக்கல் தூள்தான் போட வேண்டும். தூள் மெதுவாகக் கரையும், பி.எச்.ஐ 8.3 பக்கத்துக்கு மேல் தள்ளாது.

உங்கள் கதை வேறு. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். அந்தப் பொருக்கும் சுண்ணாம்புதான், போர் தண்ணீரோடு காசில்லாமல் வந்தது. கரண்டியால் சுரண்டி எடுக்கிற அளவுக்கு வீட்டில் இருக்கும்போது கடையில் போய் எதற்கு வாங்க வேண்டும்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் இருக்கும் நவச்சாரத்தைக் கொஞ்சம் எடுத்துச் சுண்ணாம்போடு சேர்த்துக் குழைத்துப் பாருங்கள். மூக்கைத் துளைக்கும். அதுவரை உப்புக்குள் அடங்கியிருந்த அமோனியாவைச் சுண்ணாம்பு வெளியே கிளப்பிவிட்டது. குளத்திலும் இதேதான். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும்: ஒன்று மீனை அதிகம் தொந்தரவு செய்யாதது, இன்னொன்று விஷம். நம் ஊர் வெயிலில் 28, 30 டிகிரி தண்ணீரில், பி.எச். 7.5 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் விஷ வடிவம். 9.2-ல் பாதிக்கு மேல். அமோனியா ஒரு துளி கூடாமலே விஷம் மட்டும் இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது. இந்த நிலையில் நீர்த்த சுண்ணாம்பைத் தூவினால் என்ன ஆகும் என்று நவச்சாரம் சொல்லிவிட்டது.

சரி, 11 கட்லா ஏன் செத்தன? என் கணிப்பில் அமோனியா முதல் குற்றவாளி இல்லை. விடியற்காலையில், பெரிய மீனாகப் பார்த்து, அதுவும் கட்லா மட்டும் சாகிறது, திலேப்பியா தப்பிக்கிறது என்றால் அது மூச்சுத் திணறல். கரும்பச்சைத் தண்ணீரில் பாசி பகலில் ஆக்சிஜனைக் கொட்டும், ராத்திரி அதுவே உட்கார்ந்து குடிக்கும். மூட்டமான நாளில் வரவு குறைவு, செலவு மட்டும் அப்படியே. அந்த ராத்திரியில்தான் நீங்கள் வெல்லத்தை ஊற்றினீர்கள்.

கணக்குப் போடுவோம். 3 சென்ட், 4 அடி என்றால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர். மாலையில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்ததாக வைத்தாலும் குளத்தின் மொத்தக் கையிருப்பு 900 கிராம். 3 கிலோ வெல்லம் முழுசாகச் செரிக்க மட்டும் ஏறக்குறைய 3 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒரே ராத்திரியில் எல்லாம் செரிக்காதுதான். கால்வாசி செரித்தாலே மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம், ஓடும் தொட்டிக்காரர்கள் வெல்லம் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, ஏரேட்டரே இல்லாத குளத்துக்கு அதையே சொல்லி விற்கிறார்கள். பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியா காய்ந்த பொடியாகப் பாக்கெட்டில் மாதக்கணக்கில் தாங்குகிற சாதி இல்லை. பாக்கெட்டில் இருப்பவை பெரும்பாலும் பேசில்லஸ் என்ற வேறு வகை. வேண்டிய பாக்டீரியா உங்கள் கரை மண்ணிலும் கல்லிலும் தானாகவே குடியிருக்கிறது, அதற்குத் தேவை ஆக்சிஜன். ஜியோலைட்டும் அப்படித்தான். கடின நீரில் கால்சியமும் போட்டிக்கு வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை லட்சம் லிட்டருக்கு 5 கிலோ, கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு சிட்டிகை உப்பு.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். சுண்ணாம்பு எத்தனை கிலோ என்று கேட்டீர்கள், தீவனம் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. குளத்தில் நீங்கள் தினம் தவறாமல் கொட்டும் ரசாயனம் தீவன மூட்டையில் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். இரண்டரை கிலோ தீவனம், புரதம் 28 சதவீதம் என்றால் 700 கிராம் புரதம், அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 112 கிராம். மீன் உடம்பில் தங்குவது கால் முதல் மூன்றில் ஒரு பங்கு. மீதி 80 கிராம் போல அமோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீருக்குத்தான் போகிறது. யூரியாக் கணக்கில் தினமும் 175 கிராம், மாதம் 5 கிலோவுக்கு மேல். அதே 3 சென்ட்டில் நெல் நட்டு, ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து கொடுத்தால்கூட ஒரு போகம் முழுக்க 4 கிலோ யூரியாதான் ஆகும். நெல் நான்கு மாதத்தில் தின்பதைவிட அதிகமாகக் குளத்துக்கு ஒரு மாதத்தில் போட்டுவிட்டு, தண்ணீர் ஏன் பச்சையாக இருக்கிறது என்றால் நான் என்ன சொல்ல?

ஏரேட்டர் இல்லாத குளம் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 15, மிஞ்சினால் 20 கிலோ தீவனத்தைத் தாங்கும். உங்கள் 3 சென்ட்டுக்கு அது அரை கிலோ, 600 கிராம். நீங்கள் போடுவது அதைப் போல நாலைந்து மடங்கு. மீன் எண்ணிக்கையும் அப்படியே. கெண்டை இனங்களுக்கு ஏக்கருக்கு நாலாயிரம், ஐயாயிரம் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) என்ற கணக்கில் உங்களுக்கு 150-ஐத் தாண்டக் கூடாது. விரலி விற்றவர் 800 போடலாம் என்று சொல்லியிருப்பார். அவர் எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிறவர், வேறு என்ன சொல்வார்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று நாள் தீவனம் போடாதீர்கள். மீன் பட்டினியால் சாகாது, குளத்தில் தின்ன நிறைய இருக்கிறது. இன்றைக்கே அரை குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை வைத்து, குளத்துத் தண்ணீரையே எடுத்து, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் வழியாகக் குளத்திலேயே பீய்ச்சுங்கள். ராத்திரி 2 மணிக்குப் போட்டு வெயில் ஏறும்வரை ஓடட்டும். பகலில் ஓட்டிக் கரண்ட் பில் ஏற்றாதீர்கள், பகலில் பாசியே அந்த வேலையைச் செய்கிறது. அடித் தண்ணீரில் கால் பங்கை இரண்டு மூன்று நாளில் வெளியே எடுங்கள். தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள், சும்மா போக வேண்டாம். பதிலுக்கு விடும் போர் தண்ணீரை நேராக விடாதீர்கள். பூமிக்கு அடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. நாலு தக்காளிப் பெட்டியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே ஜல்லி போட்டு, அதன் மேல் விழ வைத்தால் போதும்.

அப்புறம், திலேப்பியாவை வலை போட்டுப் பிடித்து விற்றுவிடுங்கள். ஏழு மாதத்து மீனுக்கு ஊரிலேயே ஆள் இருக்கும். விலை குறைவாகக் கேட்டாலும் கொடுங்கள். பாதி மீன் போனால்தான் மீதி பாதி மூச்சுவிடும். கடைக்காரர் அடுத்து பாசியைக் கொல்ல மயில்துத்தம் கொண்டுவருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். மொத்தப் பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால் வெல்லத்தைவிட மோசமாக ஆக்சிஜனை உறிஞ்சும்.

பி.எச். காகிதம் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு ஒன்று, மதியம் 3 மணிக்கு ஒன்று, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். நேரம் போடாத பி.எச். எனக்குத் தேவையில்லை. பாசி பகலில் கரியமில வாயுவை இழுக்க இழுக்க பி.எச். ஏறும், ராத்திரி இறங்கும். கடைக்காரர் மத்தியானச் சாப்பாடு முடித்து 3 மணிக்கு வந்ததால் 9.2. அதே ஆள் காலை 6 மணிக்கு வந்திருந்தால் 7.8 என்று சொல்லி வேறு பாக்கெட் விற்றிருப்பார். இரண்டு நேரத்து பி.எச்.க்கும் வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் குளம் நன்றாக இருக்கிறது. ஒன்றரை, இரண்டு என்று போனால் பாசி அதிகம், தீவனத்தைக் குறைக்க வேண்டும். கையைத் தண்ணீருக்குள் நீட்டியும் பார்க்கலாம். முழங்கை நனையும் சமயத்தில் உள்ளங்கை மறைந்தால் சரி. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் அன்றைக்குத் தீவன வாளியைத் தொட வேண்டாம்.

இனி எந்த மீன் செத்தாலும் சூட்டோடு செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட், அதாவது அமோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது வரும் இன்னொரு விஷம், ஏறியிருக்கிறது. அதற்குக் கல்லுப்பு 25 கிலோ மூட்டை ஒன்றைக் கரைத்துப் பரவலாக ஊற்றினால் தாங்கும். உப்பில் இருக்கும் குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழையாமல் தடுக்கும். உங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும் என்றால் அதுவும் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், உப்பு சேர்ந்தால் ஜியோலைட் பிடித்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச அமோனியாவையும் விட்டுவிடும். இரண்டையும் சேர்த்து விற்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பத்து நாள் நோட்டில் எழுதியதை அப்படியே அனுப்புங்கள். கூடவே ஐந்து மீனைப் பிடித்து எடை போட்டு எழுதுங்கள், அடுத்த மாதத் தீவனத்தை அதை வைத்துச் சொல்கிறேன். மிச்சம் இருக்கும் சுண்ணாம்பைக் கட்டி வைக்காதீர்கள், காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும். தென்னந்தூருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள்.