ஆம்பர் எச்சரிக்கை வந்தும் எங்கள் தெருவில் காற்றே இல்லையே, ஏன்?

தம்பி, நீங்கள் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லிக்கு வந்து இது முதல் குளிர்காலம். ஆம்பர் புயல் எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, முதியோர் பராமரிப்பு வேலைக்கு லீவு சொல்லி ஒரு நாள் சம்பளத்தை விட்டிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் குப்பைத் தொட்டி சாய்ந்ததோடு சரி. தெற்கே அயர் பக்கம் இருக்கும் நண்பர் வீட்டிலோ கூரை ஓடு பறந்திருக்கிறது. “கஜா எங்கே கரை கடக்கும் என்று மன்னார்குடியில் இருந்த எங்களுக்கே முன்கூட்டிச் சொன்னார்கள். இவ்வளவு வசதியுள்ள நாட்டில் நாளைக்குக் காற்று எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாதா? சும்மா பயமுறுத்துகிறார்களா அண்ணா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயமுறுத்தவில்லை. அந்த நிறத்தைப் படிக்கும் விதம்தான் வேறு. பிரிட்டனின் வானிலை நிலையமான மெட் ஆபீஸ் தரும் மஞ்சள், அதற்கு மேல் ஆம்பர், உச்சமாகச் சிவப்பு, இந்த மூன்றும் காற்றின் வேகத்துக்கான நிறங்கள் அல்ல. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, இந்த இரண்டையும் கட்டம் போட்டுப் பார்த்துத்தான் நிறம் முடிவாகிறது. அதனால் ஒரே மஞ்சளுக்குள் இரண்டு சங்கதி இருக்கலாம். ஒன்று, “நிச்சயம் வரும், பெரிய சேதம் இருக்காது.” இன்னொன்று, “வருவது சந்தேகம், ஆனால் வந்தால் பலமான அடி.” ஆப்பில் எச்சரிக்கையைத் திறந்தால் கீழே ஒரு சதுரக் கட்டம் இருக்கும், அதில் ஒரு டிக். நிறத்தை விட்டுவிட்டு அந்த டிக் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வடகோடித் தீவான ஷெட்லாந்துக்காரர்கள் கொட்டாவி விடும் காற்றுக்கு லண்டனில் ரயில் நின்றுவிடும். அதனால் ஒரே வேகத்துக்கு ஊருக்கு ஊர் நிறம் மாறும்.

இனி கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பலத்த வங்கக்கடல் புயலுக்குக் கண் உண்டு, கண்ணைச் சுற்றித்தான் உச்சக் காற்று. கண் போகும் பாதை தெரிந்தால் அடி விழும் இடமும் ஓரளவு தெரிந்துவிடும். இங்கே வருவது வேறு சாதி. வடக்கின் குளிர்காற்றும் தெற்கின் வெப்பக்காற்றும் மோதுமிடத்தில், மேலே ஓடும் ஜெட் காற்றின் இழுப்பில், அட்லாண்டிக் நடுவே பிறப்பது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும். அத்தனை பரப்பிலும் காற்று இருந்தாலும், உயிரை வாங்கும் காற்று ஒரு பட்டையில்தான். அந்தப் பட்டை பெரும்பாலும் மையத்துக்குத் தெற்கே இருக்கும். மையம் உங்கள் தலைக்கு மேலேயே போனால் நீங்கள் தப்பித்தீர்கள், தெற்கே இருப்பவன் மாட்டினான். பாதை ஐம்பது கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தால் கதை தலைகீழ். பெய்ஸ்லிக்கும் அயருக்கும் இடையே அந்தத் தூரம்கூட இல்லை.

இதற்குள் இன்னொரு வில்லன் ஒளிந்திருக்கிறான்: ஸ்டிங் ஜெட். சில புயல்களில், தேள்கொடுக்கு போலச் சுருளும் மேகத்தின் நுனியிலிருந்து, மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்துக் காற்று சரிந்து இறங்கும். அதில் விழும் பனியும் மழையும் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துக் கனமாக்குவதும் அது வேகமெடுக்க ஒரு காரணம் என்கிறார்கள். அகலம் சில பத்துக் கிலோமீட்டர், ஆயுள் சில மணி நேரம். 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தில் 18 பேர் இறந்த அந்த இரவுக்குப் பின்னால் இதுதான் இருந்தது என்று ரெடிங் பல்கலைக்கழகத்தின் கீத் பிரௌனிங் எழுதியது 2004-இல்தான். நம் ஸ்காட்லாந்தில் 2011 டிசம்பர் 8 புயலுக்குள் ஆராய்ச்சி விமானத்தையே ஓட்டி ஸ்டிங் ஜெட்டை அளந்தார்கள். அன்று கெய்ர்ன்கார்ம் மலை உச்சியில் மணிக்கு 165 மைல் பதிவானது, ஆர்ட்ராசனில் ஒரு காற்றாலை எரிந்தது. அந்தப் புயலுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘பாபேக்’. பொருளை உடன் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், மேலாளரிடம் வேண்டாம்.

மேலே அடிக்கும் காற்று எல்லாம் கீழே வருவதும் இல்லை. குளிர்ந்த தரைக்கு மேல் வெதுவெதுப்பான காற்று படுத்திருந்தால், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் ஊளையிடுவது தெருவுக்கு இறங்காது. பின்னால் குளிர்காற்றின் முன்விளிம்போடு ஒரு மழை வந்து கலக்கிவிட்டால், ஐந்து நிமிடத்தில் வேலி பறக்கும். மெட் ஆபீஸின் நுணுக்கமான கணினி மாதிரியே பிரிட்டனை ஒன்றரைக் கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே சீறும் வீச்சு அதற்குள் அடங்காது, மதிப்பிடத்தான் முடியும். அந்த மதிப்பீடு கொஞ்சம் பிசகினாலும் விளைவு பெரிது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 60 மைல் வீச்சைவிட 85 மைல் வீச்சு இரண்டு மடங்கு அடிக்கும்.

திசையும் ஒரு கணக்கு. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடகிழக்கிலிருந்து வந்தது. காலமெல்லாம் மேற்குக் காற்றுக்கு முதுகு கொடுத்து வளர்ந்த மரங்கள், எதிர்ப்பக்கத்து அடி தாங்காமல் வேரோடு சாய்ந்தன. சில கிராமங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. வேகத்தை மட்டும் வைத்துக் கணித்தால் இது பிடிபடாது.

இத்தனை சிக்கலிலும் சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்பது என் கட்சி. 2025 ஜனவரி 24, ஏயோவின் புயல். அதன் மைய அழுத்தம் ஒரே நாளில் சுமார் 50 மில்லிபார் இறங்கியது. ஒரே நாளில் 24 இறங்கினாலே அதை ‘பாம்’ (வெடிகுண்டு) என்பார்கள். முந்தின நாளே சிவப்பு அறிவித்து, 45 லட்சம் பேரின் போனில் அபாயச் சங்கு ஊதி, ஸ்காட்ரெயில் எல்லா ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். அயர்லாந்தின் மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர், இங்கே லனார்க்‌ஷரின் டிரமல்பினில் 100 மைல். கிளாஸ்கோ கிழவர்கள் இன்னும் பேசும் 1968 ஜனவரிப் புயலில், ஊர் தூங்கும்போது கல் புகைபோக்கிகள் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தன. ஸ்காட்லாந்தில் 20 பேர் போனார்கள். அன்று எவர் போனிலும் சங்கு ஊதவில்லை.

ஆகவே சிவப்பு என்றால் வெளியே போகாதீர்கள், யார் அழைத்தாலும் சரி. ஆம்பருக்குத் தானாக லீவு போடாதீர்கள். முந்தின மாலையே மேலாளரிடம் பேசி, காற்று உச்சமாகும் மணி நேரத்தை விட்டு மற்ற நேரத்துக்கு வீடுகளை மாற்றிக் கேளுங்கள். கடும் வானிலை நாளில் ஊழியரை எப்படி நடத்த வேண்டும் என்று ஸ்காட்லாந்து அரசும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு சாசனமே போட்டிருக்கின்றன. சட்டம் அல்ல, ஆனால் எடுத்துக் காட்டலாம். பழைய கல் கட்டடங்களின் சுவரை ஒட்டி நடக்காதீர்கள், ஸ்லேட் ஓடு செங்குத்தாக இறங்கும். தோட்டத்து டிராம்போலினைக் கட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். அது பறந்து ரயில் தண்டவாளத்தில் உட்காருவது இங்கே வழக்கமான செய்தி.

கரன்ட் போனால் 105-க்குப் போன் போடுங்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களில் யாராவது ஆக்சிஜன் இயந்திரத்தில் இருந்தால், மின் நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே குடும்பத்தாரிடம் கேளுங்கள். பதிவுக்குக் காசு கிடையாது.